மொட்டையடிச்சுக் கூட்டியா

சீனியம்மாளின் மகன்கள் இருவருக்கும் இடுப்பு வரைக்கும் தலைமுடி தொங்கியதற்குக் காரணம் மதுரைக் கோர்ட்டு. கோர்ட்டு நேரடியாகத் தலைமுடி விஷயத்தில் தலையிடவில்லை. சோணைச்சாமி கோயில் கதவைப் பூட்டிச் சீல் வைக்கச் சொன்னது, அவ்வளவுதான். ஓடைக்கரைப்பட்டியில் அந்த வகையறாவில் பிறக்கும் பிள்ளைக்கு முதல் முடி சோணைச்சாமிக்கு. அது வரைக்கும் தலையில் கத்தி படக்கூடாது. கோயில் பூட்டிக் கிடந்ததால் வாங்கிக்கொள்ளச் சாமிக்கு வழியில்லை. முடிக்குக் கோர்ட்டு உத்தரவெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு வளர்ந்தது. நாகமலை அடிவாரத்தில் அந்த ஊரைக் கடந்து போகும் வெளியூர்க்காரர்கள், இத்தனை பெண்பிள்ளைகள் மரத்துக்கு மரம் தாவி விளையாடும் ஊரை வேறெங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

பூட்ட வைத்தவர் வெள்ளைத்துரை. சீனியம்மாளின் புருஷன் முத்திருளனுக்குச் சின்னையா முறை. ரோட்டுக்குச் சரளைக்கல் போடும் காண்ட்ராக்டில் சம்பாதித்துக் கோச்சடையில் மாடி வீடு கட்டிக் குடியேறியவர். அவர் போட்ட ரோடு அடுத்த மழையைத் தாண்டாது. அதனால் அடுத்த வருஷமும் காண்ட்ராக்ட் அவருக்கே கிடைத்தது. மாடி வீட்டுக்குக் குடி வந்த பிறகு, கோயிலில் முதல் திருநீறு தனக்கு வருவதில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. முதல் திருநீறு மூத்த வகையறாவுக்கு. அந்த மூத்த வகையறா முத்திருளன். அவன் அந்த மரியாதையைக் கேட்டு வாங்கியவன் இல்லை. பூசாரி பேயாண்டி கூப்பிட்டால் முன்னால் போய் நெற்றியைக் காட்டிவிட்டு, ஏதோ திருடியவன் போல விறுவிறுவென்று கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வான். இப்படிப்பட்டவனுக்கு அடுத்தபடியாக நெற்றியைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று வெள்ளைத்துரைக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. வக்கீல் வைத்தார். தீர்ப்பு வரும் வரை யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. தீர்ப்புக்கு அவசரப்பட இரண்டு பக்கத்து வக்கீல்களுக்கும் காரணம் இல்லை.

தன் பேரனுக்கு முடி வளர்ந்தபோது மட்டும் வெள்ளைத்துரை தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பழனிக்குக் கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். எல்லாச் சாமியும் ஒன்றுதான், காலம் மாறிவிட்டது என்றார்.

சீனியம்மாளுக்குக் காலம் அப்படி மாறவில்லை. முதலில் பிறந்த இரண்டும் தொட்டிலோடு போயின. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது சோணைச்சாமி வாசலில் குப்புற விழுந்து, இது தங்கினால் இதன் முடியும் இதற்குப் பின்னால் வருவதன் முடியும் உனக்கு என்று நேர்ந்துகொண்டாள். சோணை தங்கினான். அடுத்தவன் காளையும் தங்கினான். சாமி தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டது. அவள் சொல்லுக்குத்தான் குறுக்கே பூட்டு நின்றது.

இந்த நிலைமையில் வெள்ளைத்துரை கோச்சடையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். கட்டிடம் நீளம், பெயர்ப்பலகை அதைவிட நீளம். நம் வகையறாப் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாத படிப்பு, இங்கிலீஷும் உண்டு என்று ஓடைக்கரைப்பட்டி வரைக்கும் வந்து தமுக்கடித்தார்கள். சீனியம்மாளுக்கு அந்த இங்கிலீஷ் என்ற சொல் காதில் தங்கிவிட்டது. கோர்ட்டிலிருந்து வரும் இங்கிலீஷ் காகிதம் ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடி முத்திருளன் நாகமலைப் புதுக்கோட்டை வரை நடப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தவள். எதிரி பள்ளிக்கூடம் என்றால் என்ன, அங்கே படித்து அவர் அனுப்பும் காகிதத்தையே என் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கணக்குப் போட்டாள். விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சடை பின்னி, தேங்காய் பழம் பொரிகடலை வைத்த தாம்பாளத்தோடு கோச்சடைக்கு நடந்தாள்.

வெள்ளைத்துரை வாசலில் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் என்ற முறையில் ஹெட்மாஸ்டரை நிற்க வைத்திருந்தார். சுற்றிலும் கோச்சடை ஆட்கள்.

"ஏத்தா, ரெண்டையும் பொட்டப்புள்ளையாவா பெத்து வச்சிருக்க?" என்றார்.

"நான் ஆம்பளை," என்றான் சோணை. கூட்டம் சிரித்தது.

"ஆம்பளையாம்ல. இந்தத் தலையில இருக்க பேனுக்கெல்லாம் எந்த வாத்தியாரு பாடம் நடத்துறது? மொட்டையடிச்சுக் கூட்டியா. சேத்துக்கிடுறேன்."

சீனியம்மாள் தாம்பாளத்தைக் கீழே இறக்கவில்லை. "கோயிலைத் தொறந்து விடுங்க மாமா. இன்னைக்கே அடிச்சுக் கூட்டியாரேன்."

"கோயிலு கோர்ட்டுல கெடக்கு. அந்தா, ஆத்துக்குள்ள கத்தியோட உக்காந்திருக்கான் பாரு, அவன்கிட்ட ரெண்டு தலையையும் காட்டிட்டு வா. சாமிக்குத் தெரியவா போகுது?"

மறுபடியும் சிரிப்பு. ஹெட்மாஸ்டரும் சிரித்தார், அவருடைய சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. சீனியம்மாள் தாம்பாளத்தோடு திரும்பினாள். உடையாத தேங்காயைச் சுமந்துகொண்டு தேனி ரோட்டில் வெயிலில் நடந்தபோது, அவள் மனதில் ஒரே ஒரு சங்கதிதான் இருந்தது. இந்த முடி சோணைச்சாமிக்கே இறங்க வேண்டும். அதுவும் இந்த ஆளின் கண் முன்னால், சிரித்தவர்கள் எல்லோரும் பார்க்க இறங்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

ஊர் எல்லைக்கு வந்தவள் வீட்டுக்குப் போகாமல் பட்டிக்குள் நுழைந்தாள்.

பட்டி என்பது ஒரு காலத்தில் பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைத்த இடம். கல்சுவர், ஒரு மூலையில் கூரை. மாடுகள் குறைந்து போனதால் நல்லகாமன் வாத்தியார் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். படித்த பிள்ளைகள் கைவிரலுக்குள் அடங்கும். பழைய ஞாபகத்தில் யாராவது திருட்டு மாட்டைப் பிடித்துக் கொண்டுவந்து உள்ளே தள்ளிவிட்டுப் போவார்கள். வாத்தியார் பாடத்தை நிறுத்த மாட்டார், மாடும் ஒரு ஓரமாக நின்று கேட்கும். படித்தவர்களில் ஒரே பெண்பிள்ளை வாத்தியாரின் மகள் செல்லத்தாய். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு படிப்பாள். விஷக்காய்ச்சல் வந்து ஒட்ட வெட்டிய தலை. வேறு வகையறா என்பதால் அந்தத் தலைக்குக் கோர்ட்டுத் தடை இல்லை.

வாத்தியார் தூணில் சாய்ந்து கண்ணை மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். அவருடைய பள்ளிக்கூடத்துக்குத் தாம்பாளத்தோடு யாரும் வந்ததில்லை.

"இதுக தலையைப் பாத்தீகளாண்ணே?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"தலைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கவே எனக்குப் பொழுது பத்தலை தங்கச்சி. மேல இருக்கதை நான் ஏன் பாக்கப் போறேன்?"

இந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவளை முடிவெடுக்க வைத்தது அதற்குப் பின்னால் வாத்தியார் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம். கோச்சடைப் பெஞ்சுகளில் பாதிக்கு மேல் காலி. சர்க்காருக்குச் சொல்லியிருப்பதோ அத்தனையும் நிரம்பி வழிகிறது என்று. ஆகவே இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வெள்ளைத்துரையின் காரியஸ்தன் வண்டி கட்டிக்கொண்டு வந்து பட்டியில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவான். அன்றைக்கு ஒரு நாள் அவர்கள் கோச்சடை மாணவர்கள். வேறு பெயர், புதுச் சட்டை, சுண்டல். சாயங்காலம் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பெயரையும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாத்தியாருக்கு ஒரு வேட்டி.

சீனியம்மாள் தாம்பாளத்தைக் கீழே இறக்கினாள். பிறகு வாசல் கல்லில் தேங்காயை உடைத்தாள். "இங்கேயே சேத்துக்கங்கண்ணே," என்றாள். அந்த மனுசர் கைநீட்டி வந்து நிற்கும் வாசல் என்று இந்த ஊரில் ஒன்று இருக்கிறது என்றால், தன் பிள்ளைகள் அந்த வாசலுக்கு உள்ளே இருக்க வேண்டும். இங்கிலீஷ் கிடக்கட்டும்.

முத்திருளன் சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்த்தியா பட்டியில் அடைத்தியா என்று மட்டும் கேட்டான். வாதாடுவது அவன் பழக்கம் இல்லை.

அந்த வருஷம் மன்னருக்கு வெள்ளி விழா வருகிறது, பட்டங்கள் தாராளமாகக் கிடைக்கும் என்று மதுரையில் பேச்சு அடிபட்டது. வெள்ளைத்துரைக்கு ராவ் சாகிப் மேல் ஆசை. சரளைக்கல் போட்டதற்கெல்லாம் பட்டம் கொடுக்க மாட்டார்கள், பெண்கல்விக்கு ஏதாவது செய்தால் மேலிடத்தில் மனம் குளிரும் என்று யாரோ அவர் காதில் ஓதினார்கள். மறுநாளே பெயின்டர் வந்தான். பெயர்ப்பலகையில் 'வெள்ளி விழா நினைவு' என்று முன்னால் ஒட்டி, 'பெண்கள் பகுதி உண்டு' என்று பின்னால் சேர்த்தான். பலகை இரண்டு பக்கமும் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. மாசி சிவராத்திரிக்கு மறுநாள் சென்னையிலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பெண்கள் பகுதியைப் பார்வையிட வருவதாகத் தகவலும் வந்தது.

குறை ஒன்றே ஒன்று. பெண்கள் பகுதியில் பெண்கள் இல்லை. கோச்சடைக்காரர்கள் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்றார்கள். வெள்ளைத்துரைக்கே இரண்டு பேத்திகள். ஆனால் படித்த பெண் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் என்பது அவர் கொள்கை. கொள்கை வேறு, பலகை வேறு.

காரியஸ்தன் பட்டிக்கு வந்தான். பெண்பிள்ளை வேண்டும் என்றான். வாத்தியார் செல்லத்தாயைக் காட்டினார். ஒட்ட வெட்டிய தலையையும் இடுப்புத் தம்பியையும் பார்த்துக் காரியஸ்தன் முகத்தைச் சுளித்தான். இதைப் பார்த்தால் பெண் மாதிரியா இருக்கிறது, ஆண் பெஞ்சில் போடலாம் என்றான். அப்போதுதான் சுவர்மேல் குதிரை ஏறிக்கொண்டிருந்த சோணையும் காளையும், இன்னும் அதே கோர்ட்டு உத்தரவில் சடை வளர்த்த மற்ற பயல்களும் அவன் கண்ணில் பட்டார்கள். அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

வாத்தியார் சீனியம்மாள் வீட்டுக்குப் போனபோது, விளக்குமாறு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டுதான் விஷயத்தைச் சொன்னார். அவள் பருத்திக்கொட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாவாடை யாரு எடுத்துத் தர்றா?"

"அவுகதேன்."

"பூவு?"

"அதுவும் அவுகதேன்."

"மேளம் உண்டா?"

"பின்னே? நம்ம மொக்கைச்சாமிக்குத்தேன் சொல்லிவிட்டிருக்காக."

சீனியம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வாத்தியார் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் நாயனம் வாசிப்பவரும் தலை வழிப்பவரும் ஒருவரே. மொக்கைச்சாமி தோளில் தொங்கும் தோல்பையில் நாயனத்துக்கு வேண்டிய சீவாளியும் இருக்கும், கத்தியும் இருக்கும். கல்யாண வீட்டில் முதலில் மாப்பிள்ளையின் முகத்தை வழித்துவிட்டு அடுத்த நிமிஷம் அவனை மேளத்தோடு அழைத்துப் போவதும் அவர்தான். அவரை வரவேற்புக்கு அழைத்திருக்கிறார் என்றால், வெள்ளைத்துரை தன் கையாலேயே கத்தியையும் கூப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் சீனியம்மாள் பூசாரி பேயாண்டியைப் பார்த்தாள். பூட்டு விழுந்த நாளிலிருந்து அவருடைய தட்டு காலி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பிழைக்கப் போன இடத்தில் சாமியை இருத்த நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று அவரிடம் தெரியாதவள் போலக் கேட்டாள். கோயில் வாசல் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வைப்பார்கள், சாமி அந்த மண்ணோடு வந்துவிடும் என்றார் பேயாண்டி. சொல்லிவிட்டுத்தான் அவருக்கும் உறைத்தது.

"கோர்ட்டுக்காரன் கதவைத்தானத்தா பூட்டினான்," என்றார் மெதுவாக. "மண்ணுக்குச் சீல் வைக்கலையே."

பிடிமண் சட்டியை மூத்த வகையறாவின் தலையில்தான் ஏற்ற வேண்டும். முத்திருளனிடம் சொன்னபோது சின்னையா கோபித்துக்கொள்வாரே என்றான். கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான் செய்கிறேன் என்றாள் அவள். அவன் அன்று முழுவதும் மாட்டுக்கொட்டகையிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு உட்காரும்போது தட்டைப் பார்த்தபடியே, புதுச்சட்டி வாங்கிவிட்டாயா என்று கேட்டான்.

சிவராத்திரி கழிந்து விடிந்தது. பட்டிப் பிள்ளைகள் வண்டியில் கோச்சடைக்குப் போனார்கள். சடை கலைந்தால் பின்ன ஆள் வேண்டும் என்று தாய்மார்களும் கூடவே ஏறிக்கொண்டார்கள். காரியஸ்தன் சந்தோஷமாகவே இடம் கொடுத்தான். வாத்தியார் வேட்டியை நினைத்தபடி, செல்லத்தாயின் தம்பியைத் தானே தூக்கிக்கொண்டு பட்டியில் தங்கிவிட்டார்.

பள்ளிக்கூட வாசலில் வாழைமரம், தோரணம், நல்வரவு. சோணைக்குச் சரஸ்வதி என்று பெயர் வைத்தார்கள், காளைக்குக் கமலாவதி. சோணை பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இரண்டு முறை அடி வாங்கினான். காளைக்குப் பூ பிடித்துப்போயிற்று. தண்ணீர்த் தொட்டியில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டான். செல்லத்தாய்க்கு டவுசரும் சட்டையும் மாட்டி ஆண் பெஞ்சின் கடைசியில் உட்கார வைத்தார்கள். அவள் பெயர் அன்றைக்கு அழகுமலை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடியும் குடையுமாக வந்து இறங்கினார். வெள்ளைத்துரை நீண்ட கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. அவருடைய எளிமையைப் புகழும் வரவேற்புப் பத்திரத்தை ஹெட்மாஸ்டர் வாசித்தார். எளிமை ரொம்ப நேரம் நீடித்தது. பிறகு அம்மாள் பெண்கள் பகுதிக்குள் போனார். தையல் தெரியுமா என்று கேட்டார். ஓடைக்கரைப்பட்டியில் சாக்கு தைக்கத் தெரியாத பயல் கிடையாது. சோணை கோணி ஊசியை வாங்கி ஒரு மூட்டையின் வாயைக் கண்மூடித் திறப்பதற்குள் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெரியவள் ஆனால் என்ன செய்வாய் கமலாவதி என்று காளையைக் கேட்டார்.

"மாடு புடிப்பேன்," என்றது கமலாவதி.

சென்னைப் பட்டணத்தில்கூட இத்தனை தைரியமான பெண்களைப் பார்த்ததில்லை என்று அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வெள்ளைத்துரை கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, படம் எடுத்துவிடலாமே என்றார். அதற்கென்று மதுரை டவுனிலிருந்து போட்டோக்காரர் அப்துல் வஹீதை வரவழைத்திருந்தார். முன்வரிசைப் பிள்ளை பிடித்துக்கொள்ள ஒரு பலகையும் தயார்: 'பெண்கல்விப் புரவலர் உயர்திரு வெள்ளைத்துரை அவர்களும் மாணவியரும்.' முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டார்கள். அப்துல் வஹீது கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

சீனியம்மாள் மரத்துக்குப் பின்னாலிருந்து மொக்கைச்சாமியைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கல்யாண ஊர்வலத்துக்கு உரிய ராகத்தை இழுத்துக்கொண்டிருந்த நாயனம் சட்டென்று சாமியழைப்புக்கு மாறியது. தவுல்காரன் ஒரு கணம் விழித்தான். பிறகு கை தானாகவே அடித்தது.

வாசலில் முத்திருளன் நின்றான். தலையில் மஞ்சள் துணி சுற்றிய புதுச்சட்டி. பின்னால் ஊர். முன்னால் பேயாண்டி, இடுப்பில் சலங்கையும் கையில் திருநீற்றுக் கொப்பரையுமாக ஆடிக்கொண்டே வந்தார். கோச்சடையில் குடியேறிய வகையறா ஆட்கள், அதுவரை கைகட்டி வரவேற்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்த மேளச் சத்தத்தைக் கேட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. மடமடவென்று தரையில் விழுந்தார்கள். முத்திருளன் நேராக வேப்பமரத்தடிக்கு வந்து, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளின் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளிச் சட்டியை இறக்கினான். பேயாண்டி மண்ணைக் கொட்டி, அதன்மேல் ஒரு கல்லை நட்டார்.

"எறங்கிட்டேண்டா," என்றார். "இனி இதுதான் என் எடம்."

வெள்ளைத்துரை எழுந்தார். போலீசைக் கூப்பிடு என்று சொல்ல வாய் திறந்தார். முற்றம் முழுவதும் தரையில் கிடந்த முதுகுகளைப் பார்த்தார். ஜில்லா போர்டு தேர்தலுக்கு நிற்பதாக இருந்தார். முதுகுகள் ஒவ்வொன்றும் ஓட்டு. வாயை மூடிக்கொண்டார்.

பேயாண்டி முதல் திருநீற்றை முத்திருளன் நெற்றியில் பூசினார். இந்த முறை முத்திருளன் பின்னால் ஓடவில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தபடியாகச் சீனியம்மாள் தன் மகன்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கல்லுக்கு முன்னால் உட்கார வைத்தாள். பூவை எடுத்தாள், சடையை அவிழ்த்தாள். மொக்கைச்சாமி நாயனத்தை மரத்தில் சாய்த்துவிட்டுப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். சரஸ்வதியின் முடி கொத்தாகக் கீழே விழுந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அலறிக்கொண்டு எழுந்து, ஐயோ பெண்குழந்தையை ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். வெள்ளைத்துரை இங்கிலீஷில் ஏதோ சொல்லப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் சரளைக்கல்லைப் பற்றியது மட்டும்.

"தப்பா நெனைக்காதீகம்மா," என்றாள் சீனியம்மாள். "பள்ளிக்கூடத்துல சேக்கணும்னா மொட்டையடிச்சுக் கூட்டியான்னு மாமாதேன் சொன்னாக. போன விசயதசமிக்கு, இந்தா இதே வாசல்ல வச்சு. இம்புட்டுப் பேரும் கேட்டாக, கேட்டுச் சிரிச்சாக. இப்பத்தேன் சாமி எடம் குடுத்துச்சு."

மொட்டை முடிந்த சோணை சந்தனத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு, முதல் வேலையாகப் பாவாடையை உருவிக் கிளையில் எறிந்தான். உள்ளே இருந்தது கோவணம். அடுத்தடுத்து உட்கார்ந்த சீதைகளும் ருக்மணிகளும் அப்படியே செய்தார்கள். கிளை முழுவதும் பாவாடை. காளை மட்டும் பூவைக் கேட்டு அழுதான்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கேட்டது வெள்ளைத்துரையை. அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். ஆண் பெஞ்சின் கடைசியிலிருந்து ஒரு டவுசர் எழுந்து நின்றது.

"நான் பொம்பளைப்புள்ள. என் பேரு செல்லத்தாய். இந்தப் பள்ளிக்கூடம் இல்ல, பட்டிப் பள்ளிக்கூடம்."

இதோடு விட்டிருக்கலாம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். சீனியம்மாள் பேயாண்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வந்ததா, மேலேயிருந்து வந்ததா தெரியாது, பேயாண்டிக்கு ஆட்டம் இன்னும் ஏறிற்று.

"எவண்டா என் கதவைப் பூட்டினது? எனக்குச் சேர வேண்டிய முடியை மலையேறி எவனுக்கோ குடுத்துட்டு வந்தவன் எவண்டா? அதுக்கு ஈடா உன் தலையைக் கொண்டா."

கேட்டது சாமியா, நாலு வருஷம் ஆடு மேய்த்த பேயாண்டியா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. முதுகுகள் எல்லாம் நிமிர்ந்து முகங்களாகி வெள்ளைத்துரையைப் பார்த்தன. அவர் தலைப்பாகையைக் கையால் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்தது மதுரை சலூனில் வெட்டி, மை தடவிக் கறுப்பாக்கிய கிராப்பு. அதைப் படத்துக்காகவே முதல் நாள் சீர்செய்திருந்தார்.

"உக்காருங்க மாமா," என்றாள் சீனியம்மாள், ரொம்ப மரியாதையாக. "சாமிக்குத் தெரியவா போகுதுன்னு சொன்னீகளே. தெரிஞ்சிருக்கு பாருங்க."

கோட்டோடு உட்கார்ந்தார். மொக்கைச்சாமி தண்ணீர் தெளித்தபோது மை கரைந்து காலரில் ஓடியது. கத்தி போன வேகத்தில் அவசரம் எதுவும் இல்லை. நல்ல வேலைக்காரர்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து அப்துல் வஹீது வெளியே வரவே இல்லை. படம் எடுக்கலாமா வேண்டாமா என்று காரியஸ்தன் கையைப் பிசைந்தான். கூலி வாங்கியாச்சுங்க, வாங்கிட்டு எடுக்காமப் போனா ஹராம் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பலகையைப் பிடித்திருந்த பயலை நேராகப் பிடிக்கச் சொன்னார். படம் எடுத்தார்.

வெள்ளி விழாப் பட்டப் பட்டியலில் வெள்ளைத்துரை பெயர் இல்லை. கோச்சடைப் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த சர்க்கார் உதவி நின்றது. பெஞ்சுகள் விலைக்குப் போயின. வேப்பமரத்துக் கல் அப்படியே இருந்தது. அதை நகர்த்த யாரும் துணியவில்லை, வெள்ளைத்துரையும் துணியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் பள்ளிக்கூட முற்றத்தில் அவர் சொந்த வகையறா பொங்கல் வைத்துப் புகை போட்டது. முதல் திருநீறு முத்திருளனுக்கு. ஓடைக்கரைப்பட்டியில் சாமி காலிசெய்துவிட்டுப் போன கதவைக் கோர்ட்டு இன்னும் பூட்டிக் காத்துக்கொண்டிருக்கிறது. வக்கீல்களுக்கும் குறை இல்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பட்டியையும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் வந்த நேரம் வாத்தியார் சிந்தனையில் இருந்தார். ஒரு எருமை இருந்தது. செல்லத்தாய் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தொகையில் பெண்பிள்ளை விகிதம் மதுரைச் சுற்றுவட்டாரத்திலேயே இங்கேதான் அதிகம் என்று கணக்குப் போட்டு, பட்டிக்கு அங்கீகாரம் எழுதினார். சர்க்கார் கணக்குக்கு ஒரு செல்லத்தாய் போதும்.

சித்திரையில் காரியஸ்தன் சீனியம்மாள் வீட்டுக்கு வந்தான். எஜமான் மறுபடியும் பள்ளிக்கூடத்தைத் தொடங்கப் போகிறார், பையன்களை அனுப்பினால் இங்கிலீஷ் வாத்தியாரைத் தனியாகப் போடுகிறேன் என்கிறார், மூத்த வகையறா வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்றான்.

"மாமாகிட்டச் சொல்லுங்க," என்றாள் அவள். "சாமி கும்பிட அங்க வாரோம். படிக்க இங்க போதும்."

கோர்ட்டுக் காகிதம் வந்தால் முத்திருளன் இப்போதும் நாகமலைப் புதுக்கோட்டைக்குத்தான் நடக்கிறான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

படத்தை வாங்கிக்கொள்ள வெள்ளைத்துரை ஆள் அனுப்பவில்லை. கடையில் வைத்துக்கொள்ள இடமில்லை என்று அப்துல் வஹீது அதைச் சட்டம் போட்டு ஒரு வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டார். பட்டியின் கல்சுவரில் இருக்கும் ஒரே படம் அதுதான். நடுவில் நீண்ட கோட்டும் சந்தனம் பூசிய மொட்டையுமாக ஒருவர். சுற்றிலும் கோவணமும் மொட்டையுமாகப் பயல்கள். கடைசியில் டவுசர் போட்ட ஒரு பெண். பாடப் புத்தகம் குறைவாக இருந்ததால் நல்லகாமன் வாத்தியார் படத்தில் இருந்த பலகையைக் காட்டியே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

சீனியம்மாளுக்கு எழுத்து தெரியாது. சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப் போக வருகிறவள், வாசலில் நின்றுகொண்டு ஒரு தடவை படிக்கச் சொல்வாள். சோணை விரலை வைத்து, பெண்கல்விப் புரவலர் உயர்திரு வெள்ளைத்துரை அவர்களும் மாணவியரும் என்று நிறுத்தி நிறுத்திப் படிப்பான்.

"அதுல மாமா யாருடா?" என்பாள்.

காளை விரலை மொட்டை மேல் வைப்பான்.

"சரி, வா," என்பாள். வீட்டுக்குப் போவார்கள்.